எழுதிக் கொடுத்தவர்

அடுத்தவர் எழுதிய நாடகம் நன்றாக இருந்தது.

இந்தத் தகவல் செங்கல்வராயனுக்குத் தெரியவந்தபோது அவர் அணுபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், மூன்றாம் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிட்டதும் ரசம் சாதம்தான். இருந்தும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இப்படி ஓர் ஆபத்து உண்டு என்பதால்தான் அனுபவமுள்ள நாடகாசிரியர்கள் சக நாடகாசிரியரின் நாடகத்துக்குப் போனால் வாசலை ஒட்டி நாற்காலி பிடிக்கிறார்கள். செங்கல்வராயன் அன்றைக்கு ஏமாந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பத்து நான்கு வயதான செங்கல்வராயன், பத்திர எழுத்தர். செங்கல்பட்டில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் அவருடைய கடை இருக்கிறது. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு. பூர்வீகம் வேடந்தாங்கல் பக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் பறவைகளைப் பார்க்க ஊரே திரண்டு போகையில், உள்ளூரில் உட்கார்ந்து நாடகம் எழுதும் தம்மை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது அவருக்கு இளம்பிராயத்திலிருந்தே உள்ள மனக்குறை. முப்பது வருடங்களில் பதினொரு நாடகங்கள் எழுதியிருக்கிறார். பதினொன்றும் புத்தகமாக வந்தன. நான்கு மேடையேறின. அதில் ஒன்று, பாதியில் கரண்ட் போய் நின்றது. கரண்ட் வந்த பிறகு மீதியைப் போடுங்கள் என்று கேட்க ஜனங்களில் ஒருவரும் அங்கே இல்லை.

இவ்வளவுக்கும் அவர் மாவட்ட மேடை நாடகாசிரியர் சங்கத்தில் மூத்த உறுப்பினர். சங்கத்தில் ஒன்பது பேர். ஒருவர் நாடகத்தை மற்றவர் பார்ப்பது இல்லை என்பது எழுதப்படாத விதி. அதனால்தான் சங்கம் பதினாறு வருடங்களாக ஒற்றுமையாக நடந்துவந்தது.

அந்த ஒற்றுமைக்கு உலை வைத்தவர் பூங்கொடி. படூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துபவர். மாமல்லபுரத்தில் வருடா வருடம் நடக்கும் கடலோர நாடக விழாவுக்குப் பொறுப்பாளர். விழாவில் இந்த மாவட்டத்து நாடகம் ஒன்றுக்கு இடம் உண்டு. போன வருடம் ஒன்பது பேரும் விண்ணப்பித்தார்கள். இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த நாடகம் தங்களுடையதுதான் என்று ஒன்பது பேரும் எழுதியிருந்தார்கள். பூங்கொடி இந்த வருடம் விதியை மாற்றினார். யாரும் தம் நாடகத்தைத் தாமே அனுப்பக் கூடாது. சக நாடகாசிரியர் ஒருவருடைய நாடகத்தைத்தான் பரிந்துரைக்க வேண்டும். அந்த நாடகத்தை நேரில் பார்த்திருக்கவும் வேண்டும்.

சங்கம் ஆடிப்போய்விட்டது. கடைசி வாக்கியத்தைப் படித்ததும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது.

செங்கல்வராயன் மட்டும் அசரவில்லை. அவர் கணக்கு நேரானது. சங்கத்தில் வயதில் சின்னவர் ஜெபக்குமார். ஆபிரகாமின் மகன். அணுபுரம் குடியிருப்பில் ஒப்பந்தத்தில் மின்வேலை பார்ப்பவர். எழுதியது ஒரே நாடகம், பெயர் 'ஒன்றேகால் சென்ட்'. அதைத் தாம் பரிந்துரைத்தால் அந்தத் தம்பி நன்றியில் நனைந்து பதிலுக்குத் தம்முடையதைப் பரிந்துரைப்பார். இரண்டும் போட்டிக்கு வந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மண்டபத்துக்குப் போனார். ஆகவே மாட்டிக்கொண்டார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பாகமாக வந்தது ஒன்றேகால் சென்ட் நிலம். அதை இரண்டாகப் பிரிக்க ஒரு குடும்பமே டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அலைகிறது. நாடகம் அவ்வளவுதான். ஜனங்கள் சிரித்தார்கள். செங்கல்வராயனும் சிரித்தார், தமக்குத் தெரியாமலே. தாயாக நடித்தவர் ஜெபக்குமாரின் மனைவி ஜாய்ஸ். மூன்றாம் காட்சியில் அந்தத் தாய் நிலத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அளக்கறவன்லாம் அளந்துகினு போங்கடா. நான் உக்காந்தா இம்மாம் எடம். எழுந்துட்டா அதுவும் உங்களுக்குத்தான்" என்றபோது, சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் சட்டென்று அடங்கியது. செங்கல்வராயன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாடகத்தில் ஒரு பத்திர எழுத்தர் வேறு வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். செங்கல்வராயன் தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அவர் மனைவி அம்சா, அங்கன்வாடி ஊழியர். பேசாத குழந்தைகளைப் பார்த்துப் பழகியவர்.

"இன்னாய்யா ஆச்சு? வாய்ல புண்ணா?"

"நல்லா கீதுடி அவன் நாடகம்."

"நல்லா இருந்தா நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவியா, அத்த வுட்டுட்டு!"

செங்கல்வராயன் எழுதிக் கொடுத்தார். இந்த இடத்தில் அவரைப் பற்றி உயர்வாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கணக்கை எல்லாம் மறந்துவிட்டு மனசாரத்தான் எழுதினார். ஆனால் முப்பது வருடங்களாக ஒரே மாதிரி எழுதிப் பழகிய கை. கணினியைத் திறந்ததும் பழைய பத்திரம் ஒன்றை எடுத்து, பெயர்களை மாற்றி, நடுவில் வேண்டியதை நிரப்பினார். விழாக் குழுவுக்குப் போன கடிதம் இப்படி இருந்தது:

"எழுதிக் கொடுப்பவர்: செங்கல்வராயன். எழுதி வாங்குபவர்: ஆபிரகாம் மகன் ஜெபக்குமார். விவரம்: 'ஒன்றேகால் சென்ட்' என்னும் நாடகம். மேற்படி நாடகம் யாதொரு வில்லங்கமும் இல்லாதது, மிகச் சிறந்தது என்று எழுதிக் கொடுப்பவர் உறுதி கூறுகிறார். மேற்படியாருக்கு இதை நான் என் முழு மனதுடன் எழுதிக் கொடுக்கலானேன். இதனால் கிடைக்கும் சகல பெருமைகளையும் எழுதி வாங்கியவரே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் இல்லை."

கீழே கையெழுத்து. இரண்டு சாட்சிகள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூங்கொடி போன் செய்தார்.

"சார், உங்க கடிதம் வந்துச்சு. எங்களுக்கெல்லாம் ஒரே அதிர்ச்சி. நிஜமாவே நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? கீழ கையெழுத்து கீதே. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"ஜெபக்குமார் கேட்டாரா?"

"அவன் எதுக்குக் கேக்கணும்? நானா மனசாரத்தான் குடுத்தேன்."

"இதுக்கு முன்னாடியும் இப்படி யாருக்காவது...?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. முப்பது வருஷமா இதானே மேடம் பொழப்பு. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான் எழுதிக் குடுத்ததுதான்."

மறுமுனையில் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது.

"பாதிப் பேருக்கா?"

"மீதிப் பாதிக்கு எதிர்க்கடை வரதன். அவன் எழுதறதுல பிழை ஜாஸ்தி மேடம்."

"உங்க பேரு வெளிய வரலையேன்னு உங்களுக்கு வருத்தமா இல்லையா சார்?"

"கடைசிப் பக்கத்துல சின்னதா போட்டுருப்போம். எவன் படிக்கறான்?"

பூங்கொடி போனை வைக்கும்போது அழுதாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மத்தியானத்துக்குள் செய்தி சங்கத்தின் வாட்ஸப் குழுவை எட்டிவிட்டது. செங்கல்வராயனின் போன் ஓயவில்லை. மேதை என்றார்கள். மௌனத் தவசி என்றார்கள். காய்ச்சலில் படுத்திருந்த இருவரும் எழுந்து உட்கார்ந்து, கைகூப்பும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். ஒரு பரிந்துரைக் கடிதத்துக்கு இத்தனை மரியாதையா, இது தெரிந்திருந்தால் நாடகத்துக்குப் பதில் முப்பது வருடமும் பரிந்துரையே எழுதியிருக்கலாமே என்று அவர் வியந்துகொண்டிருந்தபோது, அம்சா போனைப் பிடுங்கிப் படித்தார்.

"யோவ். அந்த நாடகத்தையே நீதான் எழுதினன்னு நெனச்சிகினு கீறாங்கய்யா."

"எந்த நாடகத்த?"

"ஒன்றேகால் சென்ட்ட! நீ எழுதிக் குடுத்தியாம், அந்தப் புள்ள தன் பேர்ல போட்டுக்கினாராம்."

செங்கல்வராயன் அதிர்ந்தார். எழுதிக் கொடுப்பவர் என்றால் எழுதிக் கொடுப்பவர். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடித்துக் கேட்டாலும் அதற்கு வேறு பொருள் கிடையாது. நாடக உலகத்தில் அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்து வந்த அதிர்ச்சி இன்னும் பெரியது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

உடனே போன் செய்து மறுத்திருக்கலாம். செய்யவில்லை. யாரும் நேராகக் கேட்கவில்லையே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அன்று போய் மறுநாளும் போனது. சாயங்காலம் விழா நோட்டீஸின் மாதிரி போனில் வந்தது. மாவட்டத்துக்கான இடம் அந்த நாடகத்துக்கே கிடைத்திருந்தது. 'ஒன்றேகால் சென்ட். எழுதியவர்: செங்கல்வராயன்.' ஜெபக்குமார் பெயர் நடிகர்களுக்கும் கீழே, ஒளியமைப்பு என்ற இடத்தில் இருந்தது. செங்கல்வராயன் இரண்டு விரலால் தம் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். 'ங்' மட்டும் திரை முழுக்க வந்து நின்றபோது கடைவாசலில் ஒரு பைக் நின்றது.

ஜெபக்குமார் உள்ளே வந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்த, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மூணாவது சீன்ல அந்த அம்மா இன்னா சொல்லுவா?"

செங்கல்வராயன் யோசிக்கவே இல்லை. "அளக்கறவன்லாம் அளந்துகினு போங்கடா. நான் உக்காந்தா இம்மாம் எடம். எழுந்துட்டா அதுவும் உங்களுக்குத்தான்."

"மனப்பாடம் வேற பண்ணிகினியா!"

"ஜெபா, நான் பத்திரத்துல எழுதற மாரி எழுதிட்டேன்டா. சத்தியமா பரிந்துரைதான் எழுதினேன்."

"தெரியும். லெட்டரப் பாத்தேன். படிச்ச ஒடனே எனக்குப் புரிஞ்சிச்சு. நீ எழுதினா அப்டித்தான் இருக்கும்." ஜெபக்குமார் தரையைப் பார்த்தார். "அது இல்ல அண்ணாத்த பேஜாரு. நீ எழுதினதுன்னு சொன்னதும் ஒருத்தன்கூட அப்டியான்னு கேக்கல. அதானே பார்த்தேன்னு சொன்னானுங்க. ஒயர் இழுக்கறவன் எங்க இத்த எழுதப் போறான்னு மனசுக்குள்ள வச்சிகினே எனக்குக் கை குடுத்துருக்கானுங்க. எங்கப்பனுக்குன்னு இருந்தது அந்த ஒன்றேகால் சென்ட்டுதான். அது என் கத. ஜாய்ஸ் நேத்துலேர்ந்து சோறு துண்ணல. நீ ரெண்டு நாளா இன்னா பண்ணிகினு இருந்த?"

செங்கல்வராயன் போனைக் கவிழ்த்து வைத்தார். முப்பது வருடங்களில் எத்தனையோ பேர் பொய்க் கையெழுத்துப் போட வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தவர் அவர். தம் கையைப் பிடிக்க ஆளில்லாமல் போயிற்றே என்று இருந்தது.

"இரு. இப்பவே திருத்தறேன்."

பத்திரத்தில் பிழை வந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. கணினியைத் திறந்தார். பழையது ஒன்றை எடுத்தார். பெயர்களை மாற்றினார். ஐந்து நிமிடத்தில் அனுப்பினார். ஆறாவது நிமிடத்தில் பூங்கொடி கூப்பிட்டார்.

"சார், 'யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இன்றி, சுய நினைவுடன்'னு எழுதியிருக்கீங்களே. உங்களை யாராவது மிரட்டறாங்களா? ஆமான்னா ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

"ஆமா மேடம், அது எப்பவும் போடறது."

"ஐயோ! பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஜெபா கீறான்."

"சார், தைரியமா இருங்க. நாளைக்குக் காலையில இங்க வந்துடுங்க. நோட்டீஸ் பதினொரு மணிக்கு அச்சுக்குப் போகுது."

ஜெபக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீ இனிமே எதையும் எழுதாத அண்ணாத்த. வாயால சொல்லு."

மறுநாள் காலை, மிரட்டுபவரின் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்வராயன் மாமல்லபுரம் போனார். மடியில் ஒரு பை. விழாக் குழு அலுவலகம் ஒரு சிற்பக்கூடத்துக்கு மேல்மாடி. கீழே உளிச்சத்தம். மேலே பூங்கொடியும் குழுவினர் இருவரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நாடகத்துக்காகத் தமக்கு எழுந்து நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் இருக்க அவர் படாதபாடு பட்டார்.

"மேடம், அந்த நாடகத்த நான் எழுதல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

"என்ன ஒரு பெருந்தன்மை!" என்றார் குழுவில் ஒருவர்.

"பெருந்தன்மைலாம் இல்ல சார். நான் போயி மூணாவது வரிசையில உக்காந்து பார்த்தேன். வயிறு எரிஞ்சிச்சு. அப்பால அழுகை வந்துச்சு. நான் எழுதினதுக்கு எனக்கு அழுகை வந்ததே இல்ல."

"கலைஞனோட தன்னடக்கம்" என்றார் மற்றவர், தழுதழுத்து.

மறுக்க மறுக்க அவர் வளர்ந்துகொண்டே போனார். மணி பத்தே முக்கால். கதவோரம் நின்ற ஜெபக்குமார் என்ன சொன்னாலும் மிரட்டலாகிவிடும் நிலைமை. செங்கல்வராயன் பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவருடைய எட்டாவது நாடகம், 'இதயப் பிரமாணம்'. இந்த வருட விழாவுக்கு யாராவது பரிந்துரைப்பார்கள் என்று அவர் மனசுக்குள் பொத்தி வைத்திருந்தது அதைத்தான். அச்சிட்டதில் நல்ல அட்டை போட்ட ஒரே பிரதி. அதை இரண்டு கையாலும் பூங்கொடியிடம் நீட்டினார்.

"இது நான் எழுதினதுல நல்லது. படிச்சிப் பாருங்க. இத்த எழுதினவன் அத்த எழுதியிருக்க முடியுமான்னு நீங்களே சொல்லுங்க."

பூங்கொடி பயபக்தியுடன் பிரித்து உரக்கப் படித்தார்.

"கதாநாயகன்: கமலா! இன்றைய தேதியில் என் இதயத்தை நான் என் முழு மனதுடன் உன் வசம் ஒப்படைத்துவிட்டேன். இனி இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் இல்லை."

கொஞ்சம் நிறுத்தினார். தொடர்ந்தார்.

"கமலா: பின்னிட்டு இதில் ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால்?

கதாநாயகன்: அதை என் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துத் தரக் கடமைப்பட்டுள்ளேன், கண்ணே!"

கீழே உளிச்சத்தம்கூட நின்றுவிட்டது. பூங்கொடி புத்தகத்தை மெதுவாக, வலிக்காமல், மூடினார்.

"சார், நம்பறோம்."

"இன்னும் ரெண்டு பக்கம் படிச்சீங்கன்னா..."

"வேணாம் சார். முழுசா நம்பிட்டோம்."

குழுவினர் இருவரும் வேகமாகத் தலையாட்டினார்கள். முப்பது வருட உழைப்புக்கு ஒன்றரைப் பக்கத்தில் தீர்ப்பு. இவ்வளவு சீக்கிரம் நம்புவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு பேச்சுக்காவது கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். பூங்கொடி உடனே அச்சகத்தைக் கூப்பிட்டு, "எழுதியவர் ஜெபக்குமார்னு மாத்துங்க, பெருசாப் போடுங்க" என்றார். பிறகு ஜெபக்குமார் பக்கம் திரும்பி, விசாரிக்காமல் நம்பியது தங்கள் தவறு என்று கைகூப்பினார். செங்கல்வராயன் புத்தகத்தைப் பையில் போட்டார். பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

அதைப் பார்த்த ஜெபக்குமாருக்குப் பொறுக்கவில்லை. "அவ்ளோ மோசம் இல்ல மேடம் அது" என்றார்.

பூங்கொடிக்கு ஒரு யோசனை தோன்றியது. "அப்படின்னா நீங்க இந்த நாடகத்தைப் பரிந்துரைக்கலாமே. உங்ககிட்டேயிருந்து இன்னும் கடிதம் வரலை. நேர்ல பார்த்திருக்கணும்ங்கற விதியை விட்டுடலாம். அடுத்த வருஷத்துக்கு எடுத்துக்கலாம்."

செங்கல்வராயன் நிமிர்ந்தார். பையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஜெபக்குமார் அவரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"இல்ல மேடம். பண்ண மாட்டேன்."

"டேய்!" என்றார் செங்கல்வராயன்.

"கோச்சிக்காத அண்ணாத்த. நீ எனக்கு மனசுல பட்டத எழுதின. நானும் மனசுல பட்டதத்தான சொல்லணும்? உன் நாடகத்துல புருசன் பேசறான், பொண்டாட்டி பேசறா, திருடன் பேசறான், அல்லாரும் பத்திரம் மாரி பேசறாங்க. ரெண்டாவதுல ஒரு கொழந்த, 'மேற்படி தகப்பனார் அவர்களே'ன்னு அழுவுது. ஒம்போதாவதுல தூக்குல போடப்போறவன் நாலு எல்ல சொல்லிட்டு சாவறான். ஆனா அஞ்சாவதுல அந்த சமையக்காரி ஒரே ஒரு எடத்துல பொசுக்குனு சிரிப்பா பாரு, அது சூப்பரு. அவள வச்சி ஒண்ணு எழுது, நானே பரிந்துர பண்றேன்."

ஐந்தாவது நாடகத்தில் சமையல்காரி சிரிப்பது எழுபத்து இரண்டாம் பக்கத்தில். அந்தப் பக்கம் வரைக்கும் அம்சாவே போனதில்லை.

"நீ... படிச்சிருக்கியா?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி பத்திரம் பதிய வந்தப்ப சர்வர் படுத்துக்கிச்சே, மூணு நாளு. உன் பெஞ்சு அடியில கட்டுக் கட்டா வச்சிருந்த. வேற இன்னா வேல? படிச்சேன்."

"எத்தன?"

"பதினொண்ணும்."

செங்கல்வராயன் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பூங்கொடி பதறி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் அதை வாங்கக்கூட இல்லை. உயிரோடு, கண்ணெதிரே, வேலைக்குப் போகும் சட்டையோடு, பதினொன்றையும் படித்த ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான்.

"ஜெபா" என்றார். "அந்த ஏழாவது எப்டி கீது?"

ஜெபக்குமார் பைக் சாவியை எடுத்தார்.

"வண்டியில ஏறு அண்ணாத்த. அத்த வழியில சொல்றேன், கெட்டியா புடிச்சிக்கோ."